பத்தொன்பது

நாரின் நகரத்துப் பள்ளி. ஜனவரி.
முதல் மணி ஒன்பதுக்கு.
கொதிகலன் இன்னும் இருமிக்கொண்டிருக்கிறது.
கையுறையோடே மடிக்கணினியைத் திறக்கிறேன்.
இணையம் வருமா வராதா என்பதை
மலைமேல் நிற்கும் கோபுரம்
தன் மனம்போல் முடிவு செய்யும்.

திரையில் ஆறு இலக்கங்கள்.
தட்டினால் வகுப்புக்குள் வந்துவிடலாம்,
கதவு வேண்டாம், காலணிப் பனியைத் துடைக்க வேண்டாம்.
போனைப் பையில் வை என்று
போன வருடம்வரை கத்திய அதே வாய்தான்
இப்போது போனை எடு என்கிறது.

பெயர்கள் ஒவ்வொன்றாய்க் குதிக்கின்றன.
யாரும் சொந்தப் பெயரில் வருவதில்லை.
'பசித்த ஓநாய்' என்றால் ஊலுக்மான்.
'தூங்கவிடுங்கள்', முதல் வரிசை நுர்ஜாதா.
'தலைமையாசிரியர்' என்று வந்தவனை வெளியே தள்ளினேன்,
'முன்னாள் தலைமையாசிரியர்' என்று திரும்பி வந்தான்.

திரை சொல்லும் எண்ணிக்கை: பத்தொன்பது.
வருகைப் பதிவேட்டில் பதினெட்டு.

முதல் நாள், மென்பொருளின் பிழை என்று விட்டேன்.
அடுத்த நாள், எவனோ இரண்டு போன் வைத்திருக்கிறான்.
மூன்றாம் வாரம் ஆய்வாளர் வந்தார்.
கடைசி பெஞ்சில் உட்கார்ந்து
விரல் நீட்டித் தலைகளை எண்ணினார், பிறகு திரையை,
பிறகு மறுபடி தலைகளை.
உங்களையும் சேர்த்துக்கொண்டீர்களா என்றார்.
ஆமாம் என்றேன்.
நல்லவேளை, ஒன்றுதான் உபரி.

அந்த உபரியின் பெயர் 'தெரெசே'.
எங்கள் மொழியில் ஜன்னல்.
விடை பெரும்பாலும் சரி, ஆனால் தாமதம்.
எல்லோரும் தட்டி முடித்து
மூச்சு விட்ட பிறகு
ஒரு பச்சைக் கோடு தனியாக வளரும்.
இந்த ஆட்டமோ வேகத்துக்கு மதிப்பெண் தருவது.
ஆகவே தெரெசே கடைசி.
எல்லாம் தெரிந்தும் கடைசி.

ஒருநாள் ஆறுகளையும் தலைநகரங்களையும் ஒதுக்கிவிட்டு
சொல்மேகத்தைத் திறந்தேன்.
பலர் எழுதும் சொல் அதில் பருக்கும்,
ஒருவர் மட்டும் எழுதினால் ஓரத்தில் ஒடுங்கும்.
கேள்வி ஒன்றே ஒன்று:
இந்த நிமிடம் உங்கள் ஜன்னலுக்கு வெளியே என்ன?

பனி, பனி என்று பதினோரு பேர்.
அடுப்பில் மறந்த பாலாய் அது பொங்கி
மற்றச் சொற்களைத் தள்ளியது.
மலை. புகை. பிறகு, கழுதை.
ஒரே சிரிப்பு,
உண்மையிலேயே ஒரு கழுதை நின்றது.
எல்லாம் ஓய்ந்தபின், கீழ் மூலையில், எறும்பளவு:
இருட்டு.

எங்களுக்கு விடிந்தாயிற்று.
எதிர்க் கூரையில் வெயில் சறுக்கிக்கொண்டிருக்கிறது.
மூன்று மணி நேரம் பின்னால் ஓடும் கடிகாரம்
எந்த ஊர்ச் சுவரில் தொங்கும்?
புவியியல் ஆசிரியைக்கு வரைபடம் தேவைப்படவில்லை.

அக்டோபரில் மாஸ்கோ போன குடும்பம்.
அப்பா கட்டட வேலை, அம்மா ஏதோ கிடங்கில்.
பதிவேட்டில் என் கையால் கோடு கிழித்த பெயர்
குல்பர்சின்.
வலப்பக்கம், ஜன்னலோர இருக்கை.
இப்போது அதில் கோட்டுகளைக் குவிக்கிறார்கள்.

எல்லோரும் கழுதைக்குச் சிரித்தபோது
பெகாயிம் மட்டும் சிரிக்கவில்லை.
அவள் போன் மேசைக்கு அடியில் இருந்தது.
நாள் தவறாமல் ஆறு இலக்கங்களைக் கடத்திய விரல்கள்
மெல்ல மடிந்துகொண்டன.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
அங்கே பள்ளியில் சேர்த்துக்கொண்டார்களா,
தாள்கள் சரியாயினவா,
எத்தனை பேர் தூங்கும் அறையில்
போர்வைக்குள் வெளிச்சத்தை ஒளித்து ஆடுகிறாள்
கேட்டால் தெரிந்துவிடும்.
தெரிந்தால் அறிக்கை எழுத வேண்டும்.

அன்று மாலை அமைப்புகளுக்குள் போய்
'வேகத்துக்கு மதிப்பெண்' என்பதை அணைத்தேன்.
அநியாயம் என்று மறுநாள் பசித்த ஓநாய் ஊளையிட்டது.
ஊளையிடட்டும்.

இன்று கோபுரம் மக்கர் செய்கிறது.
பதினேழு.
பதினெட்டு.
டீச்சர், தொடங்கலாமே என்கிறது ஒரு குரல்.
இரு, சாக்பீஸைத் தேடுகிறேன் என்கிறேன்.

திரையில் எழுதுகிறவளுக்குச் சாக்பீஸ் எதற்கு என்று
பதினெட்டுப் பேரில் ஒருவரும் கேட்கவில்லை.