ஏழாம் தடம்

நூலகத்தில்தான் கூடுவோம்,
சிறுவர் உயரத்துக்குச் செய்த நாற்காலிகளில்.
வாரிய உறுப்பினர் ஐவரின் முழங்கால்களும்
மேசைக்கு மேலே தெரியும்.
குறிப்பெடுப்பது நான்.
பேசியதை எழுதாதே, முடிவானதை எழுது:
எனக்கு முன் இருந்தவள் விட்டுப்போன ஒரே விதி.

நவம்பர் கடைசி. வடக்கு டகோட்டா.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினான்கு.
பொருள் எண் நான்கு: ஏழாம் தடப் பேருந்து.
போக வர அறுபத்திரண்டு மைல்,
அந்தக் கோடியில் ஒரே ஒரு மாணவி.

ஆர்விட் ஸ்கோகன் பேசினார்.
சூரியகாந்தி விதைக்கிறவர்.
உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது;
இவர் உழுவார், கணக்கும் பார்ப்பார்,
மிஞ்சிய உழக்குக்கு வரியும் கட்டுவார்.
"பள்ளிக்கூடம் என் சட்டைப்பையில் நுழைகிற கை.
நல்ல கைதான், இல்லை என்று சொல்லவில்லை.
எத்தனை தரம் நுழைகிறது என்று எண்ணத்தானே
என்னை இங்கே உட்கார வைத்தீர்கள்?"

டெனெல் அஸூர் அவர் பக்கம் திரும்பவில்லை.
அவளுடைய தாய்மாமனை ஆறு வயதில்
ஒரு பள்ளியின் வண்டி ஏற்றிப்போயிருக்கிறது,
திருப்பிக் கொண்டுவந்து விடவில்லை.
"பள்ளிக்கூடம் எங்களைத் தேடி வந்த காலம் ஒன்று உண்டு.
அப்போது யாரும் மைல் எண்ணவில்லை.
இப்போது நாங்களாகக் கேட்கிறோம்.
இப்போது எண்ணுகிறீர்கள்."

கர்ட் ஹைன்லே கொதிகலனைப் பற்றிக் கேட்டார்.
எந்தக் கூட்டத்திலும் அவர் கேட்பது கொதிகலனைப் பற்றித்தான்.
விரல் விறைத்த பிள்ளைக்கு
எந்தத் தத்துவமும் ஏறாது என்பது அவர் கட்சி.

மூன்றுக்கு இரண்டு.
தடம் நிறுத்தப்பட்டது என்று எழுதினேன்.

திங்கட்கிழமை காலை
ஆர்விட்டின் பிக்கப் பள்ளி வாசலில் நின்றது.
முதலில் ஒரு சிவப்புப் பை இறங்கியது,
பிறகு அதைவிடச் சற்றே பெரிய சிறுமி.
"அந்தப் பக்கம் வேலை இருந்தது" என்றார்.
செவ்வாயும் இருந்தது. புதனும்.
கிறிஸ்துமஸ் வரை அந்தப் பக்கம் அவருக்கு ஓயாத வேலை.
பனி மூடிய நிலத்தில்
எந்த விவசாயிக்கும் எந்தப் பக்கமும் வேலையில்லை.
ஊருக்கே தெரியும்.
ஊர் வாயைத் திறக்கவில்லை.

ஜனவரியில் களஞ்சிய ஏணியிலிருந்து விழுந்தார்.

வராதோர் பட்டியலைத் தட்டச்சு செய்வதும் நானே.
டெலோர்ம், ஜோஸ்லின்.
டெலோர்ம், ஜோஸ்லின்.
பதினொரு நாள் அதே பெயரை அடித்த பிறகுதான் உறைத்தது,
நவம்பர்க் குறிப்பில் அவளை
'ஒரு மாணவி' என்று எழுதியிருந்தேன்.

பிப்ரவரிக் கூட்டத்துக்குத் தோளில் கட்டோடு வந்தார்.
ஏழாம் தடத்தை மறுபடி எடுக்க வேண்டும் என்றார்.
தலைவி மார்லிஸ் உல்மர் காரணம் கேட்டாள்.
தொப்பியைக் கழற்றி அதன் உள்பக்கத்தை
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்,
அங்கே ஏதோ அச்சிட்டிருப்பதுபோல.
"என் தோள் எலும்பை நம்பி ஒரு பிள்ளை படிக்கக் கூடாது."
பிறகு பழைய குரலில்,
"அந்தக் கை நுழைவது என் பையில்தான்,
அதையும் மறந்துவிடாதீர்கள்."

யாரும் வழிமொழியவில்லை.
டெனெல் பேனாவை மூடினாள், திறந்தாள்.
"வண்டியில் அவள் என்ன பேசுவாள்?" என்று கேட்டாள்.

"பேசமாட்டாள்.
ஜன்னலில் படிந்த உறைபனியில்
விரலால் வாய்ப்பாடு எழுதுவாள்.
எட்டாம் வாய்ப்பாட்டில் தப்பு வரும்.
நானும் திருத்தவில்லை.
எனக்கும் அங்கேதான் தப்பு வரும்."

"வழிமொழிகிறேன்."

முன்மொழிந்தவர்: ஸ்கோகன்.
வழிமொழிந்தவர்: அஸூர்.
நான்குக்கு ஒன்று. நிறைவேறியது.
குறிப்பில் இவ்வளவுதான் இருக்கிறது.

அடுத்த பொருள், என்றாள் மார்லிஸ்.
கர்ட் தொண்டையைச் செருமினார்.