ஏழாவது கட்டளை

பதினோராம் பாகத்துக்கு
ஒரு விளையாட்டு வேண்டும் என்றார் ரதோவான்,
பிள்ளைகள் அதை ஆடிச் சாகிற மாதிரி.
கலைப்பிரிவில் நான்தான் எழுதினேன்,
ஆறிப்போன பூண்டு சூப்போடு
ஒரே ராத்திரியில், பன்னிரண்டு கட்டளை.
திரையில் மூன்று வினாடி.
யார் படிக்கப்போகிறார்கள்?
ஏழாவது, தூங்காதே என்பது.
அதில் ஓர் எழுத்தை விழுங்கியிருந்தேன்.

ஒளிபரப்பாகி மூன்று வாரம்.
ஒஸ்த்ராவாவில், எட்டாம் எண் டிராமில்
குல்லாய் கழற்றாத ஒரு பையன்
கொட்டாவிக்கு நடுவே கைபேசியை உருட்டுகிறான்.
ஜன்னல் கண்ணாடியில் இடம்வலம் மாறி
அதே ஏழு.
விழுங்கிய எழுத்து
விழுங்கியபடியே.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.
"எட்டாவதை மாற்றிவிட்டேன்" என்றேன்,
"வீட்டுக்குப் போய்த் தூங்கணும்."

"நீங்க யாரு?"

என் நிறுத்தம்
எப்போதோ போய்விட்டிருந்தது.