பிழையில் பாதி

செருப்பு வந்த அட்டைப்பெட்டி.
பக்கத்துக்கு ஒரு பள்ளம் கத்தியால் கீறினால் போதும்,
ஆறாயிரம் திர்ஹம் குழாய் அதில் படுத்துக்கொள்ளும்.
துப்பாக்கி இன்னும் உள்ளறையில்,
பூட்டுக்குள்.
சாவி குல்ஜமானின் இடுப்பில்.
அது திறக்கும் முன்பே என் வேலை முடிந்துவிடும்.

அல் ஐன், சனையா, டயர்க்கடைகளுக்குப் பின்தெரு.
பின்கதவைத் திறந்தால்
வெயில் கடன்காரன்போல உள்ளே வரும்.
லாரி நிறுத்தும் மணல்திடல் தாண்டி
லேபர் கேம்ப், மூன்று மாடி.
மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில்
துருப்பிடித்த ஒரு போல்ட்.
அதுதான் என் குறி.
நான்கு வருடமாகப் பார்க்கிறேன்.
துரு எந்தப் பக்கம் வடிகிறது என்பது
சம்பளத் தேதியைவிட எனக்கு நிச்சயம்.

கண்ணை வைத்து
குழாயை மெல்ல உருட்டுவேன்.
நடுவில் இருப்பதாக நடிக்கும் கோடு
உருட்டினால் உண்மையைக் கக்கிவிடும்.
பார்க்கிங் கிடைக்காத டாக்ஸிபோல
போல்ட்டைச் சுற்றிச் சுற்றி வரும்.

எவ்வளவு விலகியதோ
அதில் பாதியை மட்டும் திருகில் தள்ள வேண்டும்.
மீதிப் பாதி
பெட்டியை வைத்த விதத்தில் இருக்கிறது.
எல்லாம் கோட்டின் குற்றம் என்று திருகுகிறவன்
இருட்டும்வரை திருகிக்கொண்டே இருப்பான்.
முதல் மாதம் நான் அப்படித்தான் இருந்தேன்.

வேறு வழியும் உண்டு.
ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை
டிக் டிக்கென்று எண்ணிப் போய்
பாதி தூரம் திரும்பி வருவது.
எண்ணுவதை விட்டுவிட்டேன்.
இருநூற்றுப் பதினொன்றில் ஒருநாள்
ஜெஸிந்தாள் போன் செய்து
"சிலிண்டர்காரன் நிக்கான், சில்லறை எங்க வச்சிய?" என்றாள்.
போன எண் போனதுதான்.

பாஸ்போர்ட்டில் நான் சிலுவைமுத்து.
இங்கே யார் வாயிலும் முழுதாக நுழைவதில்லை.
முத்து என்றால் என்ன என்று
ஹுமைத் ஒருமுறை கேட்டான், சொன்னேன்.
"லூலூ!" என்று தொடையில் தட்டிச் சிரித்தான்.
முன்பாதிக்கு அவன் அர்த்தம் கேட்கவில்லை.
கண்ணாடிக்குள் இருக்கும் கோடுகளை
நான் கூட்டல் குறி என்றே சொல்வேன்.
ஊரில் கேட்டாலும்
கூட்டல் குறி சரிசெய்கிற வேலைதான்.

நேற்று மதியம்.
ஐந்து மணிக்கு ஹுமைத் வருவான், கிளப்பில் போட்டி.
வட்டம் போல்ட்டின் தலையளவுக்குச் சிறுத்திருந்தது.
அப்போது ஒருவன் ஏறி வந்து
தொட்டியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான்.
பனியன். ஈரத்தலை. இடது காதில் பஞ்சு.
ஓர் ஆரஞ்சை உரிக்கத் தொடங்கினான்,
தோல் அறாமல், ஒரே சுருளாக,
அவனுக்கு உலகத்தில் வேறு அவசரமே இல்லாததுபோல.
போல்ட் இருந்த இடத்தில்
இப்போது அவன் நெற்றி.

வெறும் குழாய்தான் இது.
அடுப்பு ஊதவும் ஆகாது.
தெரியும்.
கையில் மயிர் எழுந்து நின்றது.
இன்னும் ஒருமுறை உருட்டினால்
கோடு அவன் நெற்றியில் அசையாமல் நிற்கும்,
இந்த நான்கு வருடத்தில்
நான் செய்த சுத்தமான வேலை அதுவாக இருக்கும்.
உருட்டவில்லை.

தொப்பியைக் கழற்றி அதன்மேல் கவிழ்த்துவிட்டு
வாசலில் போய் நின்றேன்.
எண்பது மீட்டரில், வெறும் கண்ணுக்கு,
அவன் ஒரு வெள்ளைப் பனியன் மட்டும்.
அதற்குள் என்னைப் பார்த்துவிட்டான்.
எதையோ தூக்கிக் காட்டினான்,
சுளையாகத்தான் இருக்கும்.
நான் வாயைத் திறந்து காட்டினேன்.
எறிந்தான்.
நடுவில் எங்கோ, லாரிகளுக்குள் விழுந்தது.
இரண்டு பேரும் சிரித்தோம் என்று நினைக்கிறேன்.
அவன் சிரித்ததை நான் பார்க்கவில்லை.

ஐந்து மணிக்கு ஹுமைத் வந்து
"கலாஸ், லூலூ?" என்றான்.
"கலாஸ்" என்றேன்.
குல்ஜமான் வளையங்களை இறுக்கினான்,
நான்கு திருகையும் மாற்றி மாற்றி.
கடைசி உருட்டு ஒன்று பாக்கி இருந்ததை
நான் சொல்லவில்லை.

இன்று காலை வேறு ஒரு குழாய், அதே பெட்டி.
கண்ணை வைத்தேன்.
போல்ட்டில் மாட்டி
வெயிலில் விறைத்துக் கிடக்கிறது
ஆரஞ்சுத் தோல்.