பன்னிரண்டு வோல்ட்

இந்தத் தீவில் தொலைந்துபோக
நிறைய முயற்சி வேண்டும்.
வடக்கே கலங்கரை விளக்கத்தோடு சாலை முடியும்,
தெற்கே மலை,
மற்ற இரண்டு பக்கமும் கடல்.
ஆனாலும் டோர்க்வில் வந்து நிற்கிறான்
என் பட்டறை வாசலில்,
கையில் ஜிபிஎஸ் பெட்டியோடு.
திங்கள்கிழமைக் கப்பலில் அக்கரைக்குப் போகிறானாம்.
கிளாஸ்கோவில் வேலை.
"அங்கே ரவுண்டானாவுக்குள் ரவுண்டானா இருக்கிறது, எஃபி."

விவாகரத்து முடிந்து பதினோரு மாதம்.
ஸ்டோர்னோவேயில் கார் மின்வேலைக்கு
இன்னமும் நான் ஒருத்திதான்.

சிகரெட் லைட்டர் துளையில் தொடங்கி
கியர் தண்டைச் சுற்றி
முன்கண்ணாடிவரை ஏறும் சுருள் கம்பி.
அதைப் பார்த்தாலே எனக்குக் கை அரிக்கும்.
"கண்ணுக்கே தெரியக் கூடாது" என்றான்.
அது எனக்கு நன்றாக வரும்.

முதலில் ஃபியூஸ் பெட்டி.
சோதனை விளக்கின் முள்ளை
ஒவ்வொரு ஃபியூஸ் தலையிலும் வைத்துப் பார்க்கிறேன்.
சில, சாவியை எடுத்த பின்னும் எரிகின்றன.
அவற்றில் கோத்தால்
பெட்டி இரவெல்லாம் விழித்திருந்து
பாட்டரியைக் குடித்துவிடும்.
அப்படி விழித்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.
சாவியோடு எழுந்து சாவியோடு தூங்கும் ஒன்றைத்
தேடிப் பிடித்தேன்:
பின்கண்ணாடி வைப்பருடையது.

காரின் பன்னிரண்டு வோல்ட்டை
இந்தச் சின்னப் பெட்டி தாங்காது,
ஐந்துதான் கேட்கும்.
நடுவில் தீப்பெட்டி அளவு மாற்றி ஒன்று,
அதற்கு முன்னால் மூன்று ஆம்பியர் ஃபியூஸ்.
எர்த் கம்பிக்கு
பெடலுக்கு மேலே ஒரு போல்ட்.
பெயின்ட்டைச் சுரண்டி, வெள்ளை இரும்பு தெரிந்த பிறகே முறுக்கினேன்.
பெயின்ட் மேல் முறுக்குபவர்களை
நான் மன்னிப்பதில்லை.

தூணின் பிளாஸ்டிக் உறையை நெம்பி எடுத்து
ஏர்பேக்குக்குப் பின்னால் கம்பியை நடத்தினேன்.
முன்னால் விட்டால்
அது வெடிக்கும் நாளில் கம்பி முகத்துக்கு வரும்.
அவன் மண்ணெண்ணெய் ஹீட்டருக்குப் பக்கத்தில்
டீயை ஆறவிட்டு நின்றான்.
மழை தகரத்தில் பேசியது,
நாங்கள் பேசவில்லை.

டேஷ்போர்டுக்குப் பின்னே கையை விட்டபோது
விரலில் தட்டியது ஒரு திருகாணி.

அரை அங்குலம், கறுப்பு, நட்சத்திரத் தலை.
எட்டு வருடத்துக்கு முன்
இதே காரில் நான்தான் ரேடியோ மாற்றினேன்.
அன்றிலிருந்து
பார்வஸ் மேட்டில் ஏறும்போதெல்லாம்
"உள்ளே ஏதோ உருளுது" என்பான்.
"உன் தலைக்குள்ளே" என்பேன்.
ஒருமுறை அவன் அம்மா பின்சீட்டில் இருக்க
இந்தச் சத்தத்துக்காகக்
காரை நிறுத்திச் சண்டை போட்டோம்,
செம்மறி ஆடுகள் பார்த்துக்கொண்டிருக்க.

உள்ளங்கையை மூடினேன்.
"என்ன?" என்றான்.
"கை சிக்கிக்கிச்சு."

மீதிக் கம்பிக்குத் துணி நாடா சுற்றினேன்,
எதிலும் மோதி முனகாதபடி.
ஒரு சாண் நீளத்தை வெட்டாமல்
வளைத்து உள்ளே கட்டிவைத்தேன்.
பின்னால் யாராவது இதை அவிழ்க்க நேர்ந்தால்
இழுக்க இடம் வேண்டும்.

உறையை அமுக்க, கிளிப்புகள் டக் டக்கென்று உட்கார்ந்தன.
சாவியைத் திருப்பினான்.
பெட்டி விழித்து
தகரக் கூரைக்கு அடியில் வானம் கிடைக்காமல்
சுற்றிச் சுற்றித் தேடியது.
"கம்பியையே காணோமே" என்றான்.
பணம் நீட்டினான். பாதி வாங்கினேன்,
முழுவதும் வாங்கியிருக்கலாம்.

என் பாதை முழுக்கக் குழி.
எல்லாக் குழியிலும் ஏறி இறங்கிப் போன கார்
சாலை தொடும் இடத்தில் நின்றது.
விளக்கு எரிந்தபடி
நெடுநேரம்.
வழி கேட்கிறானா,
இல்லை
கேட்காமல் போன சத்தத்தைத்
தலை சாய்த்துத் தேடுகிறானா?

ஹீட்டரை அணைத்துவிட்டு
வீட்டுக்கு நடந்தேன்.
ஓவரால் பையில்
சில்லறையோடு உரசி
அது உருண்டுகொண்டே வந்தது.