நேரடி மேற்பார்வை

குஞ்சப்பனை வளைவில் மண் சரிந்து
இரண்டு மணி நேரம் நின்றது மேட்டுப்பாளையம் பஸ்.
அதற்குள் மூன்று முறை போன் அடித்துவிட்டார் முதலாளி:
"மேடம், இன்ஸ்பெக்டர் ஊட்டியில கிளம்பிட்டாராம்."

கோத்தகிரியில் என் முகத்துக்கு வயது இருபத்துமூன்று.
மருந்துக்கடைச் சுவரில் கண்ணாடிக்குள்
கவுன்சில் முத்திரை பாதி ஏறிய போட்டோ.
மலை ஈரம் உள்ளே இறங்கி
இடது கன்னத்தில் பூஞ்சை பிடித்திருக்கிறது.
பதிவு எண்ணை மட்டும் அது தொடவில்லை.
அந்த எண்ணுக்குத்தான் மாதம் ஆறாயிரம்.
மற்ற முகம், முப்பத்தெட்டு வயதுடையது,
கோவையில் ஒரு பள்ளியில்
பத்தாம் வகுப்புக்கு அமிலமும் காரமும் நடத்துகிறது.

வெள்ளைக் கோட்டு கொடுத்தார்கள், மடிப்பு கலையாதது.
என் படத்துக்குக் கீழே உட்கார்ந்தேன்.
எந்த மருந்து எந்தத் தட்டில் என்று தெரியாது.
போஜனுக்குத் தெரியும்.
டாக்டர் கிறுக்கியதைத் தலைகீழாக வைத்தே படிப்பார்,
சீட்டு கல்லாவைத் தொடுமுன் கத்தரி மாத்திரையைத் தொட்டிருக்கும்.
பதினாறு வருஷம்.
சட்டப்படி அவர் இங்கே
தூசி தட்டலாம்.

இன்ஸ்பெக்டர் மப்ளரோடு வந்தார்.
ஃபிரிட்ஜைத் திறந்து இன்சுலினைத் தொட்டார்.
"வெளிய இதவிடக் குளிருது" என்றார்.
படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
"எஸ்தர் குணவதி… நீங்கதானா?"
ஆமாம் என்பதற்குள்
தெருவில் ஒரு ஜீப் போய்விட்டது.
டீ வந்தது, வர்க்கி வந்தது.
"நேரடி மேற்பார்வையில் விற்பனை" என்று எழுதி
அடிக்கோடிட்டுக் கிளம்பினார்.

நானும் கிளம்பியிருப்பேன். அடுத்த பஸ் ஐந்தரைக்கு.

ராக்கம்மா, கீழ்க்கோத்தகிரி எஸ்டேட்,
கன்னத்தைச் சேர்த்துத் துண்டு கட்டியிருந்தாள்.
பல் டாக்டர் சீட்டு. கத்தரி ஓடி முடிந்தது.
பொழுது போகாமல்தான் கேட்டேன்,
"வேற மாத்திரை ஏதாச்சும் சாப்பிடுறீங்களா?"
மடியிலிருந்து ஒரு பட்டையை எடுத்தாள்,
பாதி தீர்ந்தது: வார்ஃபரின்.
"வால்வு மாத்துனாங்கல்ல, அதுக்கு."

பல் டாக்டருக்குப் போன் போட்டேன்.
"நீங்க யாரு?"
"பார்மசிஸ்ட்."
போஜன் நிமிர்ந்து பார்த்தார்.
மறுமுனையில் கொஞ்ச நேரம் மூச்சு.
"டைக்ளோ வேணாம். பாராசிட்டமால் குடுங்க.
ஆஸ்பத்திரியில ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டு
அப்புறம் என்கிட்ட வரச் சொல்லுங்க."

வெட்டிய பட்டையைத் திரும்ப டப்பாவில் வைத்தபடி
போஜன் மெல்லச் சொன்னார்,
"போன மாசம் முட்டிவலின்னு வந்தாங்க.
இதேதான் குடுத்தேன்."
ராக்கம்மாவுக்குக் காது கூர்மை.
"ஆமா தம்பி, வலி நல்லாக் கேட்டுச்சு.
அதுக்கப்புறந்தான் ஈறுல ரத்தம்.
அதான் பல்லு டாக்டர்ட்ட போனேன்."
சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டு
பனிக்குள் இறங்கினாள்.

போகுமுன் பில் புத்தகம் வைத்தார்கள்,
ஒரு மாதத்து நகல்கள், கையெழுத்துக்காக.
ஒன்றாம் தேதி, இரண்டாம் தேதி,
நான் வகுப்பில் லிட்மஸ் தாளை நனைத்த நாட்கள்.
பத்தாம் தேதிக்கு மேல் குணவதி தேய்ந்து
வெறும் கு ஆனது.
பதினேழில் நின்றேன்.
ராக்கம்மா, டைக்ளோஃபெனாக், பத்து,
கார்பன் நீலத்தில், போஜனின் அழகான கையெழுத்து.

அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு
ஏற்கெனவே நேராக இருந்த டப்பாக்களை
நேராக்கிக்கொண்டிருந்தார்.

குளிரில் பேனா எழுதவில்லை.
ஊதிப் பார்த்தேன், உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தேன்.
வெளியே ஐந்தரை பஸ்
ஹாரன் அடித்தது, மறுபடியும் அடித்தது.

அந்த ஒன்றில் மட்டும்
முழுப் பெயரையும் எழுதினேன்.