பாக்கி

பட்டரவாக்கம் வருவதற்குள்
உதட்டைக் கடித்துப் பழகியாக வேண்டும்.
மேல்பல் கீழுதட்டில் பட்டால் வால்வு,
படாமல் குவிந்தால் சுவர்.
பதினாறு வருஷமாக
வால்வு செய்கிற கம்பெனியில் பில் போடுகிறேன்.
இத்தனை நாளும் கப்பலில்
சுவர்களைத்தான் ஏற்றி அனுப்பினேன் போல.

எதிர் சீட்டில் தேங்காய் பன் தின்கிற பையன்
என் வாயையே பார்க்கிறான்.
பைத்தியம் இல்லை, கண்ணா.
மெயிலிலிருந்து போனுக்கு மாற்றிவிட்டார்கள்.

மெயிலில் நான் புலி.
நிலுவைத் தொகையை நினைவூட்டி
ஐந்து நாட்டுக்கு எழுதியவள்.
கொரட்டூர் தாண்டும்போது யோசித்தேன்:
நம் க மட்டும் யோக்கியமா?
பக்கத்தில் ஒன்று, பங்கில் ஒன்று,
பகலில் மூச்சாகக் கரைந்து இன்னொன்று.
ஒரு டீச்சரும் இதைச் சொன்னதில்லை,
ஒரு குழந்தையும் தப்பாகச் சொன்னதில்லை.

டெஸ்பாட்ச் ஃபர்சானாதான் சாப்பாட்டு வேளையில்
என் வாய்க்குப் பொறுப்பு.
"டெப்ட் இல்ல மங்கை, டெட்."
"பி எங்க போச்சு?"
"இருக்கு. சொல்லக் கூடாது."

இருக்கு, சொல்லக் கூடாது.
இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.
வில்லிவாக்கம் பைனான்ஸ்காரர் நீட்டிய தாளில்
பிராசஸிங் சார்ஜ் அப்படித்தான் இருந்தது.
அதில் என் வீட்டுக்காரர் போட்ட கையெழுத்தும்
அப்படித்தான் இருந்தது
ஏழு மாசம், பீரோவில், புடவைக்கடியில்.

டெட். டெட்.
தமிழில் எழுதிப் பார்த்தேன்.
கடனும் செத்ததும் ஒரே எழுத்தில் விழுந்தன.
குழம்பாமலிருக்கப் பென்சிலால் ஓரத்தில் குறித்தேன்:
முதல் டெட், உயிரோடு உள்ளது.

செவ்வாய் மத்தியானம் மூன்றரை,
அங்கே காலை பதினொன்று.
மேனேஜர் கதவைச் சாத்திக்கொண்டார்.
ஃபர்சானா கட்டைவிரலைக் காட்டிவிட்டு
டப்பா கழுவப் போய்விட்டாள்.
எடுத்தவர் மாரெக், போலந்துக்காரர்.
நாலாயிரம் யூரோ, எட்டு மாசம்.

பல்லை உதட்டில் வைத்து
"வால்வ்" என்றேன், அச்சு அசலாக.
"சாரி?" என்றார்.
இன்னும் அழுத்திக் கடித்துச் சொன்னேன்.
"சாரி?"
மூன்றாம் தரம் பழைய வாயாலேயே
"வால்வு சார், வால்வு."
"ஆ! வால்வு!"

பிறகு அவரே ஆரம்பித்தார்:
"எஸ், எஸ். த டெப்ட்."
பி-யை விடவில்லை.
தாழ்ப்பாள் விழுகிற மாதிரி கேட்டது.
"வீ பே. வெட்-நெஸ்-டே."
டி இருந்தது, நெஸ் இருந்தது,
ஓர் எழுத்தும் பாக்கி வைக்காமல்
இப்படிப் பேசுகிற மனுஷனை
அன்றுதான் கேட்டேன்.

திருத்தியிருக்கலாம்.
பதினோரு நாள் பயிற்சி
நாக்கு நுனியில் வந்து நின்றது.
"ஓகே சார்" என்றேன். "டெப்ட். வெட்னஸ்டே."
கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.
அவர் பக்கம் லாரி பின்னால் போகிற கூவல்,
என் பக்கம் லேத்.

புதன் வந்தது. பாதி வந்தது.
மீதிக்கு ஒரு மெயில்,
நீளமாக, மன்னிப்போடு,
ஒரு பிழை இல்லாமல்.
அவரும் மெயிலில் புலிதான்.

அன்று ராத்திரி குக்கர் மூன்றாவது விசிலில்
பைனான்ஸ் பையன் கூப்பிட்டான்.
குரலில் மீசை முளைக்காத பையன்.
"ட்யூ எப்ப மேடம் கட்டுவீங்க?"
"வெட்னஸ்டே" என்றேன்.
ஒரு நிமிஷம் சும்மா இருந்தான்.
"வென்ஸ்டேவா மேடம்?"

திருத்துகிறானா
தேதி குறித்துக்கொள்கிறானா
தெரியவில்லை.
அடுப்பை அணைத்தேன்.