காணப்படவில்லை

அஹ்மதிக்குத் தெற்கே,
கம்பிவேலி தாண்டி இருபது நிமிடம்.
கிணறு என்றால் கிணறு அல்ல,
ஒரு சாண் அகலம்கூட இல்லாத பிளாஸ்டிக் குழாய்.
மஞ்சள் மூடி, பூட்டு, எண் பதினான்கு.
குடிக்க ஒருவரும் வருவதில்லை; பூட்டு எதற்கோ.

முதலில் மூன்று மடங்கு இறைத்துக் கொட்ட வேண்டும்.
குழாயில் நின்ற தண்ணீர்
குழாயின் பேச்சைத்தான் பேசும்;
மண்ணின் பேச்சு அதற்குப் பின்னால் வரும்.
கொட்டுவதும் தரையில் அல்ல, டிரம்மில்.
ஒரு குவளை சிந்தினாலும் ஹுசாம் அறிக்கை எழுதுவான்.
எண்ணெய் இங்கே குளமாய்த் தேங்கிய அந்தப் போருக்கு
யார் எழுதினார்களோ.

அந்தப் பக்கம் மண்மேடுகள், பாத்திபோல் நீள நீளமாக.
டேக் பகதூர் யூரியா கரைத்து ஊற்றுவான்,
மரத்தூள் கலந்து புரட்டிவிடுவான்.
கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளுக்குச் சாப்பாடாம்.
"அதுங்களுக்கு ஓவர்டைம் கிடையாது, லீவும் கிடையாது" என்பான்
இந்தியில், முகத்துணிக்குள்ளிருந்து.
எண்ணெயைத் தின்று பெருகி,
எண்ணெய் தீர்ந்ததும் செத்துவிடுமாம்.
அன்று நாங்கள் அதற்குமேல் பேசவில்லை.

நான் வந்த புதிதில்
பதினான்கிலிருந்து ஏறியது கறுப்பு.
சோற்றுக்கையில் இரவெல்லாம் அந்த வாடை.
அப்புறம் தேநீர் நிறம்.
அப்புறம் மேலே ஒரு மினுக்கம் மட்டும்,
மயில்கழுத்துபோல.
அழகாகத்தான் இருந்தது, சொல்லக் கூடாது.

இந்த ஆகஸ்டில் ஒருநாள், காலை ஐந்தரை,
தூக்கிய தண்ணீர் சும்மா தண்ணீராக இருந்தது.
வெயிலுக்கு நேரே பிடித்தேன்.
மூக்கருகே கொண்டுபோனேன், கூடாதுதான்.
எதுவும் இல்லை.
எதுவும் இல்லாததற்கு ஒரு வாடை உண்டா என்று
இன்னொரு முறையும்.
விளிம்புவரை நிரப்பி, குமிழி இல்லாமல் மூடி,
ஐஸ் பெட்டியில் படுக்கவைத்துச் சீட்டு எழுதினேன்:
எடுத்தவர், சூ. மரியநாயகம்.

பதினொரு நாள் கழித்துத் தாள் வந்தது.
பென்சீன்: காணப்படவில்லை.
டொலுவீன்: காணப்படவில்லை.
ஆய்வகத்து ரொவேனா போனில் சொன்னாள்,
"இல்லை என்று அர்த்தமல்ல.
எங்கள் கருவியின் கண்ணுக்கு எட்டவில்லை, அவ்வளவுதான்."

வீட்டுக்குப் பேசும்போது
எனக்கு இங்கே ஒரு குறையுமில்லை என்பேன்.
அதையும் இப்படித்தான் வாசிக்க வேண்டும்.

இன்னும் நான்கு காலாண்டு இதே தாள் வந்தால்
பதினான்கில் சிமென்ட் ஊற்றி மூடுவார்கள்.
எல்லாக் கிணறும் மூடினால் முகாமையும்.

பெட்டியில் உருகிய ஐஸ் தண்ணீரில் கை கழுவிக்கொண்டு
அடுத்ததற்கு நடந்தேன்.
பதினைந்து இன்னும் கறுப்பு.
நல்லவேளை என்று தோன்றியது.
தோன்றியதை
எந்தச் சீட்டில் எழுத?